ஏட்டு பார்த்த ஸ்வீடன் படம்

செங்கல்வராயனுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. பழவேற்காடு ஏரிக்கரையில் மணல்மேட்டுக்குப்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் வலை இழுத்தே வயிறு வளர்த்தவர்கள். ஆனாலும் படகு கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் போதும், இவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார், தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பா காய்ச்சலில் போனபின் அவரை ஆளாக்கியவள் அக்கா எல்லம்மா. "நீ தண்ணிக்கு வாணாண்டா. பட்ச்சிக்கினு ஏதாவது கவர்மெண்டு வேலைக்குப் போ" என்று பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினாள். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்கு நடந்து போய் விற்று வருவாள். அந்த வருமானத்தில்தான் தம்பி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அவள் கல்யாணம் செய்துகொண்ட அரசப்பன் முரட்டு ஆள், ஆனால் நல்ல தொழில்காரர். மச்சானுக்குப் போலீஸ் வேலைக்கான உத்தரவு வந்த அன்று அவரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு குப்பம் முழுக்கச் சுற்றி வந்தார். "எங்க ஊட்லயும் ஒரு போலீஸ்காரன் கீறாண்டா!" என்று வீட்டுக்கு வீடு நின்று சொன்னார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழைக்காலத்தில் அந்த ஏரியில் ஒரு கொலை நடந்தது.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று குப்பங்களுக்குள் ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடு தப்பினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பக்கத்துக் குப்பத்துத் துளசிராமன் அடுத்தவர் பாடு நாளில் வலை போடுகிறான் என்று ரொம்ப நாளாகப் புகைச்சல் இருந்தது. ஒருநாள் காலையில் அவன் பிணம் கோரைப் புல்லுக்குள் ஒதுங்கிக் கிடந்தது. தலையின் பின்பக்கம் உடைந்திருந்தது. இரும்புப் பூண் போட்ட கட்டையால் அடித்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதினார். படகு தள்ளும் சவுக்குக் கோலின் அடியில் அப்படித்தான் பூண் போட்டிருப்பார்கள். அந்த வட்டாரத்தில் கோல் இல்லாத வீடு கிடையாது.

குப்பத்தில் எவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் துளசிராமனோடு மீன் மார்க்கெட்டில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட சாலமோன் என்ற இறால் வியாபாரியைப் பிடித்துக் கொண்டுவந்து லாக்கப்பில் போட்டார்கள். அவனுக்கு அடி விழுந்துகொண்டே இருந்தது. அவன் செய்யவில்லை என்பது இன்ஸ்பெக்டருக்கே தெரியும். ஆனாலும் கேஸை முடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்போது அதே ஸ்டேஷனில் சாதாரணக் கான்ஸ்டபிளாக இருந்த செங்கல்வராயனை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"உங்க ஆளுங்க வாயத் தொறக்கமாட்டேன்றானுங்க. யூனிபாரம் இல்லாம போ. அக்கா ஊட்ல ஒருவேளை சாப்பிடு. ஒரு பேரு கொண்டா, போதும். இல்லேன்னா இந்த சாலமோன் தான்."

அவர் போனார். மத்தியான நேரம். மாமா அரசப்பன் வீட்டில் இல்லை. எல்லம்மா தம்பியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. மணையைப் போட்டு உட்காரச் சொன்னாள். மடவை மீன் குழம்பு. சோற்றைப் போடும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கல்வராயன் இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவது கவளத்தை எடுக்கும்போது கண் அடுப்பின் பக்கம் போனது. சுள்ளிகளுக்கு நடுவே ஒரு சவுக்குக் கோல் எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குள் சொருகியது போக மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் பூண் இருந்தது. பூணின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

கையில் இருந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. அக்கா அவரைப் பார்த்தாள். அவரும் அக்காவைப் பார்த்தார். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார், கோலை உருவினார், வாசல் மணலில் குத்தி நெருப்பை அணைத்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை, அழவில்லை. "சோத்த உட்டுட்டுப் போற" என்று மட்டும் சொன்னாள்.

அரசப்பன் ஒப்புக்கொண்டார். தன் பாடு நாளில் அவன் வலை போட்ட கோபத்தில் ஒரே அடிதான் என்றார். ஆயுள் தண்டனை கிடைத்து வேலூர் ஜெயிலுக்குப் போனார். போலீஸ் வண்டியில் ஏறும்போது கோர்ட் வாசலில் நின்ற மச்சானைப் பார்த்து, "உன்னத் தோள்ள தூக்கினேனேடா" என்றார். எல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தம்பியைக் கடந்து போனாள். சாலமோனை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான்.

செங்கல்வராயனுக்கு ரிவார்டு கிடைத்தது. பிறகு ஏட்டாகப் பதவி உயர்வும் வந்தது. குப்பத்தில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. கல்யாணத்துக்கும் அழைப்பில்லை, சாவுக்கும் அழைப்பில்லை. அவர் மனைவி ரத்னா காட்டுப்பள்ளிப் பெண். அவள் பிறந்த வீட்டிலும் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் குப்பத்தில் ஒரு காரணம் சொன்னார்கள். அது காற்று வாக்கில் ரத்னாவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கே வேர்க்கடலை போட்ட நிலங்களை அளந்து கம்பி வேலி போட்டு, அரசாங்கம் தொழிற்பேட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுகள் எழும்பின. ஆந்திராப் பக்கத்திலிருந்தும் தெற்கேயிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முகம் தெரியாத ஊர் அவருக்கு வசதியாக இருந்தது. லாரி மோதியவர்கள், மெஷினில் கை போனவர்கள், தண்டவாளத்தில் கிடந்தவர்கள் என்று வேலை நடந்தது. வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், ரேடியோவின் அருகில் போய் உட்காருவார். ரேடியோவைப் போடமாட்டார். மடவை மீன் வாங்கவேண்டாம் என்று ரத்னாவிடம் சொல்லியிருந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் சென்னையில் ஓர் உலகப் படவிழா நடந்தது. விழாப் படங்களுக்குச் சென்சார் வெட்டு கிடையாது என்ற சேதி எப்படியோ பரவி, வேற்றுமொழிப் படத்தையே பார்த்தறியாத கூட்டமெல்லாம் கவுண்டரில் முண்டியடித்தது. அதிலும் ஸ்வீடன் படம் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த நாட்டில் யாரும் துணியே உடுத்துவதில்லை என்பது அன்றைய காலேஜ் விடுதிகளின் உலக ஞானம். சிட்டி போலீஸ் போதாமல் பக்கத்து மாவட்டத்திலிருந்தும் ஆள் கூப்பிட்டார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து போனவர்களில் செங்கல்வராயனும் ஒருவர். அவருக்குத் தியேட்டருக்குள்ளே, பின்வரிசைக் கதவோரம் டியூட்டி. பகல் காட்சி. ஸ்வீடன் படம். பால்கனிப் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. சாம்பல் நிறக் கடல். ஒரு மரப்பாலம். அதன் மேல் கவிழ்த்து வைத்த படகுகள். தண்ணீரிலிருந்து ஒரு பிணத்தை இழுத்துப் போடுகிறார்கள். பிணத்தின் முகத்தைக் காட்டவில்லை. அதைக் குனிந்து பார்க்கிற போலீஸ்காரனின் முகத்தைத்தான் காட்டினார்கள். நெட்டையான, ஜலதோஷம் பிடித்த மனிதன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். செத்தவன் அவனுக்குத் தெரிந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. துடைத்த கை ஒரு கணம் நின்றது, அதிலேயே தெரிந்துவிட்டது.

கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. செங்கல்வராயன் முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டுவதற்குள் வரி போய்விடும். கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டு முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பேச்சு அதிகம் இல்லாத படம். அந்தப் போலீஸ்காரன் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன், இப்போது இந்தக் கொலைக்காகத் திரும்பி வந்திருக்கிறான் என்பது புரிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் நெருங்கியதும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனத்துக்குச் செங்கல்வராயனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு குடிகாரக் கிழவனைப் பிடித்துக் கூண்டில் போட்டிருந்தார்கள். அவன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் பொறுமை இழந்தது. ஒரு பெண் பனியில் ஒரு கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போனபோது விசில் பறந்தது. அவள் விறகு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஆபரேட்டர்! ரீல மாத்து!" என்று ஒருவன் கத்தினான். செருப்பால் தரையைத் தட்டினார்கள். வரிசை வரிசையாக எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். செங்கல்வராயன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நெரிசல் இல்லாமல் ஒவ்வொருவராக அனுப்பினார். "இன்னா ஏட்டய்யா, இப்டி ஏமாத்திட்டானுங்க" என்று ஒருவன் அவரிடம் நியாயம் கேட்டான். விசிலடித்தவர்களை வெளியே தள்ளிவிட்டு அவர் திரும்பியபோது தியேட்டரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகள் இருந்தன. கூட வந்த போலீஸார் பீடி பிடிக்கப் போய்விட்டார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் போலீஸ்காரன் ஒரு வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரனும் செருப்பை வெளியில் விட்டுத்தான் உள்ளே போகிறான் என்பதே அவருக்கு ஆச்சரியம். அவன் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டுக்காரி வயதானவள். முந்தின ஒரு காட்சியில் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது, அவள்தான் சின்ன வயதில் அவனுக்குச் சோறு போட்டவள். அவள் மகன் அவனுடைய சிநேகிதன், கப்பலில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறாள் என்பது அவள் கடல் பக்கம் கைகாட்டியதில் புரிந்தது. அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை மேலாடையில் துடைத்துவிட்டு அவனுக்குக் காப்பி ஊற்றினாள். கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கோப்பையை எடுத்தான். வாய்க்குப் போகுமுன் கை நின்றது. அடுப்பின் அருகில் ஓர் ஆண்பிள்ளையின் ரப்பர் பூட்ஸ் ஈரத்தோடு உலர்ந்துகொண்டிருந்தது. அவள் தனியாக இருக்கிறவள்.

அவன் பூட்ஸைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். நம் படமாக இருந்தால் அந்த இடத்தில் நாலு வயலின் அழுதிருக்கும். இங்கே கடிகாரத்தைத் தவிர ஒன்றுமில்லை. அவன் காப்பியைக் குடித்து முடித்தான், கோப்பையைக் கழுவி வைத்தான், வெளியே போனான்.

கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. படமோ இன்னும் பாதி இருந்தது. இனிமேல் என்ன இருக்கிறது என்று மிச்சமிருந்தவர்களிலும் சிலர் எழுந்து போனார்கள். செங்கல்வராயன் அசையவில்லை. இனிமேல்தான் அவருக்குப் படம். அந்த மனிதன் உடனே கைது செய்யவில்லை. கடைக்குப் போய் இருமல் மருந்து வாங்கினான், வாங்கிய பிறகும் கடையிலேயே நின்றான். போனில் மனைவியிடம் பேசினான். அவன் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துப் பேசிய விதத்தில் வானிலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. படகுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்தான். கடைசியில் சிநேகிதனை விலங்கு மாட்டிப் படகில் கூட்டிக்கொண்டு போனான். குளிர்காற்றில் கைதிக்கு மூக்கு ஒழுகியது. விலங்கு போட்ட கையால் துடைக்க முடியவில்லை. போலீஸ்காரன் தன் கைக்குட்டையை எடுத்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. படகின் எஞ்சினைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

பிறகு அவன் மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தான். கதவைத் தட்டினான். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்தான். படம் முடிந்துவிட்டது.

விளக்கு போட்டபின்னும் செங்கல்வராயன் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த தொப்பி அவர் கைக்குள் நசுங்கிப் போயிருந்தது. நெற்றியில் திருமண் இட்ட ஒல்லியான ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் ஸம்பத்குமார், திருவள்ளூர்க்காரர். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். இவர் மட்டும் சென்னையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டு, படவிழாவுக்காக லீவு போட்டிருந்தார்.

"எல்லாரும் போயிட்டா. நீங்க மட்டும் கடைசி வரைக்கும் உக்காந்துண்டிருந்தேளே, டியூட்டிக்கா, படத்துக்கா?"

"படத்துக்கு தான் சாமி" என்றார் செங்கல்வராயன்.

இருவருக்கும் சென்ட்ரலில்தான் ரயில். டியூட்டி முடித்துக்கொண்டு அவர் கிளம்பியபோது ஸம்பத்குமார் கூடவே நடந்தார். அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"யார் கொன்னான்னு பாதியிலேயே சொல்லிட்டான் பாருங்கோ. அவனுக்கு அது முக்கியமே இல்லை. தெரிஞ்சப்புறம் ஒரு மனுஷன் எப்படி நடக்கறான், எப்படி மருந்து வாங்கறான்... அதான் படம். அந்த டைரக்டர் யாரையுமே திட்டலை. கவனிச்சேளா? ஒருத்தரைக் கூடக் கெட்டவனாக் காட்டலை."

"அந்த போலீஸ்காரன் தான் பாவம் சாமி. சோறு போட்ட ஊட்லயே கண்டுபுட்சிட்டான். அந்தம்மா மறைக்க மறந்துட்டா."

சென்ட்ரல் பிளாட்பாரத்தில் கால் வைத்த ஸம்பத்குமார் அப்படியே நின்றுவிட்டார்.

"மறந்தாளா? அவ மறக்கலையே. வேணும்னுதானே வெச்சா."

"இன்னா சாமி?"

"போலீஸ் படகு வர்றதை ஜன்னல் வழியாப் பாக்கறா. உடனே கொட்டகைக்குப் போய் அந்த பூட்ஸை எடுத்துண்டு வந்து, தண்ணில முக்கி, அடுப்புகிட்ட வெக்கறா. அந்த ஷாட் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். பெத்த பிள்ளை, வாயால சொல்ல முடியுமோ? ஆனா அந்தக் குடிகாரக் கிழவன் மேல பழி விழறதையும் பாத்துண்டிருக்க முடியலை. அதான், சொல்லாம சொல்லிட்டா. நீங்க பாக்கலையா?"

அப்போது செங்கல்வராயன் விசிலடித்தவர்களைக் கதவுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"நெசமாவா சாமி? நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அது இல்லேன்னா கடைசில அவ கதவைத் திறக்காததுக்கு அர்த்தமே இல்லையே. ஏன், உடம்புக்கு ஏதாவது பண்றதா?"

"இல்ல சாமி. ரயிலு வந்துடும், நீங்க போங்க."

திருவள்ளூர் வண்டி வந்தது, ஸம்பத்குமார் போனார். கும்மிடிப்பூண்டி வண்டியும் வந்து நின்று கிளம்பியது. செங்கல்வராயன் பெஞ்சிலேயே இருந்தார். கொலை நடந்து அவர் அந்த வீட்டுக்குப் போகும்வரை எத்தனையோ பொழுது இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஏரி. கோலைத் தூக்கி எறிந்திருந்தால் சேறு விழுங்கியிருக்கும். பூணைத் தட்டிக் கழற்றிப் புதைத்திருக்கலாம். அதை ஏன் அந்த மத்தியானம் அடுப்பில் வைத்தாள்? பூண் உள்ள முனையை ஏன் வெளியே விட்டாள்? இத்தனை வருஷமாக, ஒளிக்கப் பார்த்தவளைத் தான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ரத்னாவிடம் முதல்முறையாக ஒரு சினிமாக் கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். காலுறை ஓட்டைக்குச் சிரித்தாள். கைக்குட்டை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் திருவள்ளூர்க்காரர் சொன்னதையும், அக்காவிடம் போய்க் கேட்கப்போவதையும் சொன்னார்.

"கேட்டு இன்னாய்யா ஆவப்போவுது?" என்றாள் ரத்னா. "அக்கா ஆமான்னு சொன்னா உன் பாரம் எறங்கும். அவுங்களுது?"

மாசி முடியும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் லீவு சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனார்.

எல்லம்மா வீட்டுக்கு முன்னால் மணலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தம்பியைக் கண்டதும் நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போய்ட்றேன்கா. அந்தக் கோல நீ வேணும்னு தான் அடுப்புல வச்சியா?"

அவள் கை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இத்தினி வருசம் கழிச்சி ஆரு சொன்னா உனுக்கு?"

"ஒரு படத்துல பாத்தேன்."

புத்தி பேதலித்துவிட்டதா என்பது போல அவரைப் பார்த்தாள். அவர் சொன்னார்: வெளிநாட்டுப் படம், அங்கேயும் மீன்காரர்கள் ஊர், ஒரு தாய், மகன் கொலை செய்துவிடுகிறான், வேறு ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவள் மகனுடைய பூட்ஸைப் போலீஸ்காரன் கண்ணில் படும்படி வைக்கிறாள்.

"அப்புறம் அவளுக்கு இன்னா ஆச்சி?"

"தெரியலக்கா. போலீஸ்காரன் திரும்பி வந்து கதவத் தட்றான். அவ தொறக்கல. அதோட முடிஞ்சிச்சி."

"சரியா தான் எட்த்துகீறான்" என்றாள் எல்லம்மா. "தொறக்கமாட்டா."

ஓலைத் தடுப்பின் நிழலில் போய் உட்கார்ந்தாள். அவர் வெயிலிலேயே நின்றார்.

"சாலமோன் பொஞ்சாதி வந்து என் காலப் புட்ச்சா. இங்க கீற எல்லார் காலையும் புட்ச்சா. வயித்துல புள்ள. அவ போன அப்புறம் எனுக்கு சோறு எறங்கல. உங்க மாமா பாட்டுக்கு சாப்ட்டு தூங்குறாரு. வாயால சொன்னா நான் பொஞ்சாதி இல்ல. சொல்லாம இருந்தா மனுசியே இல்ல. உன்ன அனுப்புவாங்கன்னு தெரியும். சின்னதுலேர்ந்து உன் கண்ணுக்குத் தப்பினது எதுவும் கெடையாது. அதான் வச்சேன்."

"அப்ப என் மேல இன்னாத்துக்குக்கா கோவம்?"

"உன் மேல கோவம் இல்ல. உன்னப் பாத்தா நான் செஞ்சது எனுக்குத் தெரிது. என்னத் தவுர ஆருக்கும் அது தெரியாது, இப்ப உனுக்குத் தெரியும். அத்த என்னால தாங்க முடில செங்கலு."

நெடுநாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டார். அருகில் போக ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்க மாமாவ சீக்கிரம் உட்ருவாங்கன்னு சொல்றாங்க. வந்தா என்கூட தான் இருக்கணும் அவரு. காட்டிக் குடுத்தவன் நீன்னு தான் அவரு மனசுல கீது. அத்தப் புட்ச்சிக்கினு தான் உள்ள உயிரோட கீறாரு. அது அப்டியே இருக்கட்டும். இருக்கட்டுமாடா?"

"இருக்கட்டும்கா."

"இனிமே வராத."

அவர் திரும்பி நடந்தார். குப்பத்து எல்லையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் தாண்டும்வரை காத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் அரசப்பனை விட்டார்கள். தலை முழுக்க வெளுத்து, முதுகு வளைந்து வந்தார். குப்பத்தில் அவருக்குப் பாடு கொடுக்கவில்லை. கொடுத்தாலும் வலை இழுக்க உடம்பில் வலுவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் லோடு ஏற்றும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். மச்சான் அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூலி வாங்கி, மதுவிலக்குக் காலத்திலும் எங்கோ கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். செங்கல்வராயன் அங்கே டியூட்டியில் இருந்தார். அரசப்பன் நேராக வந்து எதிரில் நின்றார்.

"எல்லாரும் பாத்துக்கங்கடா! இவன் என் பொஞ்சாதியோட தம்பி. என் ஊட்ல சோத்தத் துன்னுட்டு என்னக் காட்டிக் குடுத்தவன். இவனால என் பொஞ்சாதி இத்தினி வருசம் ஒண்டியா கெடந்து சீரழிஞ்சா. அவ பத்தினிடா. நீ மனுசனாடா?"

காறித் துப்பினார். அது யூனிபாரத்தின் மார்பில் விழுந்தது. பக்கத்தில் நின்ற இளம் கான்ஸ்டபிள் லத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். செங்கல்வராயன் அவன் கையைப் பிடித்தார்.

"கைய எட்றா. அவரு சொல்றது நெசம் தான்."

அரசப்பன் திட்டுவதை நிறுத்தினார். மறுத்துப் பேசுவான், சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்து வந்தவர் போலிருந்தது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கூட்டம் கலைந்தது.

அது ஒருநாளோடு முடியவில்லை. சனிக்கிழமை தோறும் வந்து அதே இடத்தில் நின்று, அதையே கத்துவார். குடி கேஸ் போட்டு உள்ளே தள்ளட்டுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டாம் என்றார் செங்கல்வராயன். வேறு இடத்தில் டியூட்டி போடட்டுமா என்றும் கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றார். திட்டி ஓய்ந்தபின் அரசப்பனுக்குக் கால் நிற்காது. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், ஏரிக்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்து, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை.